அந்நிய நாட்டில் மருந்தாளுநர் தொழில்

தமிழ் நாட்டுப் பார்மஸி காலேஜுகளில் பட்டம் பெற்று வெளிவரும் வாலிபர்களில் ஒரு பகுதியார் கடல் கடந்து சென்று தொழில் நடத்த விரும்புகிறார்கள். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்ற பெயர்களே அவர்களுடைய பேச்சில் எப்போதும் அடிபடுகின்றன. இந்த விருப்பத்தைக் குறை கூற நாம் முன்வரவில்லை. கடல் கடந்து பொருள் ஈட்டுவது தமிழனுக்குப் புதிய வழக்கமன்று. ஆனால் போகுமுன் அறிய வேண்டியதை அறியாமல், குடும்ப நிலத்தை ஈடு வைத்தும், தாயாருடைய நகைகளை விற்றும், தரகன் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களைக் குறித்தே நாம் கவலைப்படுகிறோம். தாம் படித்த பட்டம் ஒன்று, அந்நாட்டுச் சட்டம் கேட்கும் யோக்கியதை வேறொன்று என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் அவர்களில் பலருக்குத் தெரிகிறது. அதற்குள் பணம் போய்விடுகிறது. பணத்திலும் அரிதான வயதும் போய்விடுகிறது. ஆகையால் இவ்விஷயத்தைச் சட்டத்தின் வழி நின்று சிறிது விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

முதலில் இத்தொழிலின் கௌரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஜனங்கள் மருந்து கலந்து கொடுப்பவரை நெடுங்காலமாகக் கம்பவுண்டர் என்று அழைத்து வந்தார்கள். டாக்டருக்கு அடுத்தபடியான ஒரு சிப்பந்தி என்பதே அச்சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள். வள்ளுவர் கருத்து இதுவன்று. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக ஒருவனையும் சேர்த்து, இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்று அவர் வகுத்தார். அந்த நான்காமவன் மருந்தைப் பிழையில்லாமல் இயற்றுகிறவன் என்பது பரிமேலழகர் உரை. பிழையில்லாமல் என்ற அந்த ஒரு சொல்லிலே இத்தொழிலின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்று மேல்நாடுகள் வகுத்திருக்கும் பரீட்சைகளும் பதிவு விதிகளும் அந்தச் சொல்லுக்கு எழுதிய நீண்ட வியாக்கியானமே என்று கூறினாலும் பொருந்தும்.

பிரிட்டிஷ் சட்டம் சொல்வது

உதாரணமாகப் பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளுக்கும் 2010-ஆம் வருஷம் முதல் ஜெனரல் பார்மஸ்யூடிகல் கௌன்ஸில் என்ற ஸ்தாபனம் மருந்தாளுநர்களின் பதிவேட்டை வைத்து வருகிறது. வட அயர்லாந்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. இப்பதிவேட்டில் பெயர் ஏறாத ஒருவர், தம் நாட்டில் எத்தனை வருஷம் தொழில் நடத்தியவராயினும், அங்கே தம்மைப் பார்மஸிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே குற்றமாகும். பதிவேடோ எவரும் பார்க்கக்கூடியது. நோயாளி நினைத்தால் தமக்கு மருந்து கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று அந்த க்ஷணமே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியப் பட்டதாரி அப்பதிவேட்டில் இடம் பெறுவதற்குக் கடக்க வேண்டிய படிகள் ஐந்து. முதலாவது, அவருடைய பட்டத்தையும், தம் நாட்டில் அவர் பெற்றிருக்கும் பதிவையும் கௌன்ஸில் பரிசீலித்து ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டு இரண்டு வருஷ டிப்ளமா இதற்குப் போதாது, பட்டமே வேண்டும். இரண்டாவது, இங்கிலீஷ் பாஷையில் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சை எழுதுவோர் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கிலும் தனித்தனியே 7 பெறவேண்டும். மூன்றில் 8 வாங்கி ஒன்றில் ஆறரையாக நின்றவருக்குக் கதவு திறவாது. மூன்றாவது, வெளிநாட்டு மருந்தாளுநருக்கென்றே ஏற்பட்டிருக்கும் ஒரு வருஷப் படிப்பை முடிக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி ஆஸ்பாப் என்று இதை வழங்குகிறார்கள். பிரைட்டன், சன்டர்லாந்து முதலிய சில சர்வகலாசாலைகளில் மட்டுமே இது நடைபெறுகிறது. நான்காவது, 52 வாரம் ஒரு மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற வேண்டும். ஐந்தாவது, பதிவுப் பரீட்சை.

இந்தப் பரீட்சைக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகம் முழுவதும் கணக்கு: 2 மணி நேரத்தில் 40 கேள்விகள். இரண்டாம் பாகம் இரண்டரை மணி நேரத்தில் 120 கேள்விகள். இரண்டையும் ஒரே தடவையில் தேற வேண்டும்; ஒன்றில் வாங்கிய மார்க்கைக் கொண்டு மற்றொன்றின் குறையை ஈடு செய்ய இயலாது. மூன்று தடவைக்கு மேல் பரீட்சை எழுதவும் இடமில்லை. மூன்றாவது தடவையிலும் தவறியவர், அதற்கு முன் செலவழித்த இரண்டு வருஷத்தையும் பணத்தையும் இழந்து நிற்கிறார். பரீட்சையைத் தாண்டிப் பெயர் ஏறிய பிறகும் ஓய்வில்லை. ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கும்போது, அவ்வருஷத்தில் தாம் புதிதாகக் கற்றதையும், தம் தொழில் முறையைத் தாமே சீர்தூக்கிப் பார்த்ததையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு?

டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பவனுக்கு இத்தனை பரீட்சையா என்று சிலர் கேட்கலாம். கேள்விக்குச் சரித்திரம் பதில் சொல்லும்.

பிராட்போர்டு நகரில் 1858-ஆம் வருஷம் ஒரு மிட்டாய் செய்பவர், சர்க்கரையின் விலையை எண்ணி, அதனோடு கலப்பதற்கு ஜிப்ஸம் தூளை மருந்து வியாபாரியிடமிருந்து வாங்கிவரச் செய்தார். கடையிலிருந்த உதவியாளர் பீப்பாய் மாறி 12 பவுண்டு பாஷாணத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டார். அதனால் செய்த மிட்டாயைச் சந்தையில் வாங்கித் தின்றவர்களில் சுமார் 20 பேர் மாண்டனர். 200 பேருக்கு மேல் நோயுற்றனர். அக்காலத்தில் இங்கிலாந்திலும் விஷம் விற்பதற்கு யோக்கியதை எதுவும் தேவைப்படவில்லை. அங்கு எழுந்த பெரும் கிளர்ச்சிக்குப் பிறகே, பரீட்சை தேறிப் பதிவு பெற்றவரைத் தவிர மற்றவர் விஷப் பொருள்களை விற்கக்கூடாதென்று 1868-ஆம் வருஷத்துப் பார்மஸி சட்டம் விதித்தது.

பழங்கதையென்று இதைத் தள்ளுவோருக்குச் சமீப காலத்துச் சம்பவம் ஒன்றைக் கூறுவோம். 1998-ஆம் வருஷம் இங்கிலாந்திலே ஒரு பச்சிளங் குழந்தைக்கு வயிற்றுவலிக்காகப் பெப்பர்மின்ட் நீர் கலந்து கொடுக்க நேர்ந்தது. இரட்டை வலிமையுள்ள குளோரோபார்ம் நீர் சேர்க்க வேண்டிய இடத்தில், செறிந்த குளோரோபார்ம் நீர் சேர்ந்துவிட்டது. அளவு சுமார் 20 மடங்கு ஏறிற்று, குழந்தை இறந்தது. பெயரில் ஒரு சொல் மாறியது. பலன் ஓர் உயிர். பதிவுப் பரீட்சையில் கணக்குக்குத் தனிப் பாகம் எதற்கு என்று கேட்பவர், ஒரு சைபர் தவறினால் மருந்து பத்து மடங்காகும் என்பதை நினைத்துப் பார்ப்பாராக.

மேலும், மருந்தாளுநர் டாக்டரின் கையெழுத்துக்கு அடிமையல்லர். மெதோடிரெக்ஸேட் என்னும் மருந்தை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான் கொடுப்பார்கள். கை தவறித் தினம் ஒன்று என்று சீட்டில் எழுதப்பட்டால், நோயாளிக்கும் மரணத்துக்கும் நடுவே நிற்பவர் மருந்தாளுநர் ஒருவரே. அவர் சீட்டைத் திருப்பி டாக்டரை விசாரிக்க வேண்டும்; விசாரிக்காமல் கொடுத்தால் அவரும் பொறுப்பாளியாவார். இத்தகைய பொறுப்பை ஏற்கும் ஒருவரிடம் அந்நாட்டுச் சட்டமும், அந்நாட்டு வழக்கமும், அந்நாட்டு நோயாளியின் பேச்சும் தெரிந்திருக்க வேண்டுமென்று கேட்பது அநீதியாகாது. பிரிட்டனில் சாதாரண மருந்துச் சீட்டு 6 மாதம் செல்லும். அபின் சத்து முதலிய கட்டுப்பாட்டு மருந்துகளுக்குரிய சீட்டு 28 நாளோடு காலாவதியாகும். நாம் பாரஸிடமால் என்று சொல்வதை அமெரிக்கர் அஸிடமினோபென் என்கிறார்கள். ஸால்பியூடமால் அங்கே ஆல்பியூடெரால் ஆகிவிடுகிறது. நம் காலேஜில் முதல் வகுப்பில் தேறிய ஒருவர் இவற்றை அறியாதிருந்தால் அது அவருடைய அறிவுக்குக் குறைவன்று. அறியாமலே கவுன்டரில் நிற்பாராயின் அது நோயாளிக்கு ஆபத்து.

இது நமக்கு அவமதிப்பா?

நம் பட்டத்தை அவர்கள் மறுபடியும் பரீட்சித்துப் பார்ப்பது நம் தேசத்துக்கு அவமதிப்பு என்று சில நண்பர்கள் கூறுகிறார்கள். சுயமரியாதை விஷயத்தில் நாம் எவருக்கும் பின்வாங்கியவரல்லோம். ஆயினும் இந்த வாதம் நியாயத் தராசில் நிற்காது. வெளிநாட்டில் வைத்தியம் படித்துத் திரும்பும் நம் சொந்தப் பிரஜைகளையே 2002-ஆம் வருஷம் முதல் நாம் தனிப் பரீட்சை எழுதச் செய்கிறோம். வக்கீல் தொழிலிலும் அப்படியே. இங்கிலீஷ் வக்கீல் ஒருவர் இன்று சென்னை ஹைகோர்ட்டில் எழுந்து நின்று வாதாட முடியாது. அந்நிய வக்கீல்கள் இந்தியாவில் தொழில் நடத்தலாகாது என்று, நமது சென்னையில் தொடங்கிய வழக்கிலேயே, சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பளித்தது. நம் வாசலில் நாம் காவல் வைப்பது நியாயமானால், அவர்கள் வாசலில் அவர்கள் வைப்பதும் நியாயமே.

இந்த விதி நம்மை மட்டும் குறிவைத்து எழுந்ததுமன்று. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து மருந்தாளுநர்களைப் பரஸ்பர ஒப்பந்தத்தின்பேரில் பிரிட்டன் நெடுங்காலம் ஏற்று வந்தது. அந்த ஏற்பாடு 2006-ல் முடிந்தது. இன்று அவர்களும் நம்மவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஆயினும் ஒரு வித்தியாசத்தை மறைப்பதற்கில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஐக்கியத்தில் அங்கம் வகித்த காலத்தில், அவ்வைக்கியத்து நாடுகளில் படித்தவர்கள் இந்த ஒரு வருஷப் படிப்பும் பரீட்சையும் இல்லாமலே பதிவு பெற்றார்கள். 2020-ல் பிரிட்டன் விலகிய பிறகும் இடைக்கால ஏற்பாடாக அவ்வசதி தொடர்ந்தது. சென்னையில் படித்தவருக்கு ஒரு நீதி, லிஸ்பனில் படித்தவருக்கு ஒரு நீதியா என்று கேட்கத் தோன்றும். கோபத்தை அடக்கி விசாரித்தால் காரணம் புலப்படும். அந்நாடுகள் எல்லாம் கூடி, மருந்தாளுநரின் படிப்பு ஐந்து வருஷத்துக்குக் குறையலாகாது, அதில் ஆறு மாதமாவது மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பயிற்சி இருக்க வேண்டும் என்று பொதுச் சட்டம் செய்துகொண்டன. படிப்பு ஒன்றானதால் பட்டமும் ஒன்றாயிற்று. பாடத்திட்டத்தைச் சமப்படுத்தி, ஒப்பந்தம் செய்து அவர்கள் இதை அடைந்தார்கள். நாமும் அவ்வழியே போக வேண்டும். முறையிடுவதால் மட்டும் கதவு திறவாது.

ஒரு குறையை மாத்திரம் பிரிட்டிஷ் கௌன்ஸிலுக்கு எடுத்துச் சொல்வது தகும். நேற்றுப் பட்டம் பெற்ற இளைஞருக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் பணி செய்த அனுபவசாலிக்கும் ஒரே ஒரு வருஷப் படிப்பை விதிப்பது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. பரீட்சை கடினமாகவே இருக்கட்டும். ஆனால் அதற்குச் செல்லும் பாதையின் நீளம் ஆளுக்கும் அனுபவத்துக்கும் ஏற்றவாறு அமைவதே நியாயம்.

மற்ற நாடுகளின் வாசல்

பிரிட்டனுக்குச் செல்லும் பட்டம் அமெரிக்காவுக்கும் செல்லும் என்று எண்ணுகிறவர்கள் பெரிய ஏமாற்றத்துக்கு உள்ளாகிறார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பரிசீலிக்கும் சங்கம், 2003-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் பட்டம் பெற்றவர்கள் ஐந்து வருஷப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. நமது பி.பார்ம். படிப்போ நான்கு வருஷம். ஆகையால் அத்தேதிக்குப் பின் அப்பட்டம் மட்டும் பெற்ற ஒருவர் எத்தனை கெட்டிக்காரராயினும் அங்கே பரீட்சை மண்டபத்தின் படியைக்கூட மிதிக்க முடியாது. பார்மஸி கௌன்ஸில் ஆப் இந்தியா 2008-ல் ஏற்படுத்திய பார்ம்.டி. என்னும் ஆறு வருஷப் படிப்பு, அந்த ஐந்து வருஷ நிபந்தனைக்குக் குறையாத ஒன்று. பிளஸ் டூ முடித்து எந்தப் படிப்பில் சேர்வது என்று யோசிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால், பின்னால் வரும் பத்து வருஷ மனக்கசப்பு மிஞ்சும். மேல் பட்டம் ஒன்றைச் சேர்த்தால் வருஷக் கணக்கு நிரம்பிவிடும் என்று தாமே கணக்கிட்டுக்கொள்ளாமல், அந்தச் சங்கத்தினிடமே எழுத்து மூலம் கேட்டறிவது உத்தமம். நிபந்தனை நிறைவேறியவர்களுக்கும் சமநிலைப் பரீட்சை, இங்கிலீஷ் பரீட்சை, குறித்த மணிநேரப் பயிற்சி, தொழிற் பரீட்சை ஆகியவை காத்திருக்கின்றன. மருந்துச் சட்டம் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் வேறுபடுவதால், எந்த ராஜ்யத்தில் தொழில் நடத்துவதோ அதன் சட்டத்திலும் தேற வேண்டும்.

கனடாவில் தொழில் பதிவு அந்தந்த மாகாணத்தின் அதிகாரத்திலுள்ளது. அந்நாட்டு அரசியல் சட்டம் 1867-ல் அதிகாரங்களைப் பங்கிட்டபோதே ஏற்பட்ட நிலை இது. ஆயினும் பரீட்சையைப் பெரும்பாலான மாகாணங்களுக்கும் பொதுவாக, 1963-ல் பார்லிமெண்ட் சட்டத்தினால் ஏற்பட்ட பார்மஸி பரீட்சை போர்டு நடத்துகிறது. பிரெஞ்சு பாஷை வழங்கும் கியூபெக் மாகாணம் மட்டும் தன் வழியே செல்கிறது. முதலில் தஸ்தாவேஜுகளின் பரிசீலனை. பிறகு வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் பரீட்சை. அதன்பின் இரண்டு பாகங்கள் கொண்ட தகுதிப் பரீட்சை. இரண்டாம் பாகத்தில் காகிதமும் பேனாவும் உதவா. நோயாளியைப் போல நடிப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேசி, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் குறித்த நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். புஸ்தகத்தை உருப்போட்டே பழகிய நம் மாணவர்கள் இடறுமிடம் இதுவே. ஆஸ்திரேலியாவிலும் அந்நாட்டுப் பார்மஸி கௌன்ஸிலின் பரீட்சை, மேற்பார்வைப் பயிற்சி, எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை என்று படிகள் உண்டு.

புறப்படுவோருக்குச் சில வார்த்தைகள்

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் புறப்பட நினைக்கும் வாலிபர்களுக்கு நாம் சொல்லக்கூடிய புத்திமதி சொற்பம். தரகர்கள் ஒரு சூக்ஷ்மத்தைக் கையாளுகிறார்கள். பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளில் மருந்து சம்பந்தமான எம்.எஸ்ஸி. படிப்புகள் பல உண்டு. படிப்பு என்ற அளவில் அவை நல்லவையே. ஆனால் அவற்றில் தேறுவதால் மட்டும் பதிவேட்டில் பெயர் ஏறாது. எம்.எஸ்ஸி. முடித்தால் பார்மஸிஸ்ட் ஆகிவிடலாம் என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறவர் உண்மையில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிறார். ஆகவே எந்தப் படிப்புக்கும் பணம் கட்டுமுன், இது பதிவுக்குச் செல்லுமா என்ற ஒரே கேள்வியைத் தரகனிடம் கேளாமல், பதிவேட்டை வைத்திருக்கும் கௌன்ஸிலிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவன. அண்ணன் போன வருஷத்து விதி தம்பி போகும் வருஷத்துக்குச் செல்லாமல் போகலாம்.

படிப்புக்கு இடம் கிடைப்பதோடு காரியம் முடிந்ததாக நினைப்பதும் தவறு. அதற்குப் பின் வரும் 52 வாரப் பயிற்சிக்குத் தனியே இடம் தேடவேண்டும். அந்த வருஷத்தில் அந்நாட்டில் தங்கி வேலை செய்வதற்கு விசா அனுமதியும் வேண்டும். இவ்விரண்டையும் பற்றிப் புறப்படுமுன்னரே தெளிவு பெறாதவர், பாலத்தின் பாதி வரையில் கட்டிவிட்டு ஆற்றைக் கடக்க நினைப்பவர் போலாவார். பதிவு கிடைக்கும் வரையில் கடைகளில் உதவியாளராக வேலை செய்து காலங்கழிக்கும் நம்மவர் உண்டு. உழைப்பில் இழிவில்லை, ஆனால் அதையே உத்தியோகமென்று நம்பி வருஷங்களை உருட்டிவிடக் கூடாது.

தமிழர்களுக்கென்றே உரிய தொல்லை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நம் வழக்கப்படி தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம். காலேஜ் சர்ட்டிபிகேட்டில் கே. முருகன் என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்புவதற்காக முருகன் கந்தசாமி என்றாகியிருக்கும், பதிவுச் சான்றில் மூன்றாவது ரூபம் ஒன்று இருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. அந்நிய நாட்டு குமாஸ்தாவுக்கு அவர்கள் மூன்று பேர். இதனால் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் முடங்குகின்றன. பெயரை முன்கூட்டியே எல்லாத் தஸ்தாவேஜுகளிலும் ஒரே விதமாகத் திருத்திக்கொள்வதும், அது முடியாவிடில் உரிய பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொள்வதும் செலவு குறைந்த முன்ஜாக்கிரதை.

நம் வீட்டின் நிலை

இனி நம் பக்கம் திரும்புவோம். 1930-ல் கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த கமிட்டி, இந்நாட்டில் மருந்துகளின் தரத்தையும் மருந்து கலப்போரின் பயிற்சியையும் விசாரித்துச் சட்டம் வேண்டுமென்று சிபார்சு செய்தது. மருந்துகளுக்கான சட்டம் 1940-ல் வந்தது; தொழிலுக்கான பார்மஸி சட்டம் 1948-ல், சுதந்திரம் பெற்ற மறுவருஷமே நிறைவேறிற்று. டாக்டர் சீட்டின்பேரில் மருந்து கொடுப்பவர் பதிவு பெற்றவராகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 42-ஆவது பிரிவு. சட்டத்தில் குறைவில்லை. நடப்பில்தான் குறைவு. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் மருந்தாளுநரின் சர்ட்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது; சர்ட்டிபிகேட்டுக்கு உரியவர் வேறெங்கோ இருக்கிறார். காகிதத்தை வாடகைக்கு விட்டு மனிதனை வீட்டில் உட்கார வைக்கும் இவ்வழக்கம் நீடிக்கும் வரையில், நல்ல மாணவன் இத்தொழிலில் பெருமை காண மாட்டான். இங்கிலாந்தில் மருந்தாளுநர்கள் உரிய மேற்பயிற்சி பெற்றுத் தாமே மருந்து எழுதும் அதிகாரத்தை 2006-ல் அடைந்தார்கள். 2024 ஜனவரி முதல் தொண்டைவலி, காதுவலி, பூச்சிக்கடி முதலிய ஏழு சிறு நோய்களுக்கு டாக்டரிடம் போகாமலே மருந்துக் கடையில் சிகிச்சை பெற ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அங்கே வேலையின் மதிப்பு ஏறுகிறது. இங்கே படித்தவனின் பெயர் வாடகைக்குப் போகிறது. வாலிபர்கள் கப்பல் திசையைப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆகையால் பார்மஸி கௌன்ஸிலும் சர்க்காரும் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு. நமது பி.பார்ம். பாடத்திட்டம் மருந்து உற்பத்தி, பரிசோதனை, ரசாயனம் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை நோயாளியின் பக்கத்துக்குத் தரவில்லை. உலகத்துக்கெல்லாம் மருந்து செய்து அனுப்பும் தேசமாக நாம் இருப்பதற்கு அது உதவிற்று. ஆனால் மருந்தை வாங்கி உட்கொள்ளும் கிழவியிடம் அதை எப்போது, எப்படி, எதனோடு உட்கொள்ளலாகாது என்று சொல்லும் பயிற்சி மாணவனுக்குப் போதவில்லை. இதைத் திருத்தினால் முதலில் நன்மை அடைவோர் நம் ஜனங்களே. அந்நிய நாட்டு அங்கீகாரம் அதன் பின்னே தானாக வரும். அடுத்தது, 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அந்நிய நாட்டுப் பட்டம் ஒன்றை நாம் அங்கீகரிக்க வேண்டுமானால், அப்பட்டம் பெற்ற இந்தியர்களுக்கு அந்நாடு தொழில் நடத்த இடங்கொடுக்க வேண்டும் என்ற பரஸ்பர நிபந்தனையை அப்பிரிவு அன்றே வைத்தது. சட்டம் செய்தவர்கள் தீர்க்கதரிசிகள். அந்தப் பரஸ்பர தத்துவத்தையே கையில் கொண்டு, வியாபார ஒப்பந்தங்கள் பேசும் மேஜையில் நம் பட்டதாரிகளின் அங்கீகாரத்தையும் ஒரு விஷயமாக வைத்து வாதாட வேண்டும். மூன்றாவது, சர்வகலாசாலைகள் மாணவர் கேட்கும் மார்க்குப் பத்திரங்களையும், தொழில் கௌன்ஸில் நன்னடத்தைச் சான்றையும் தாமதமின்றி அந்நிய ஸ்தாபனங்களுக்கு நேரே அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும். நம் ஆபீஸ் மேஜையில் ஒரு காகிதம் இரண்டு மாதம் தூங்கினால், அங்கே ஒருவருடைய ஒரு வருஷம் போய்விடுகிறது. நான்காவது, எந்த நாட்டுக்கு எந்தப் படிப்பு செல்லும் என்பதை எளிய தமிழில் அச்சிட்டு, பிளஸ் டூ மாணவருக்கே கிடைக்கும்படி செய்ய வேண்டும். இதற்குப் பெருஞ் செலவில்லை, மனம்தான் வேண்டும்.

போக விரும்புவோர் போகட்டும். பதிவேட்டில் இடம் பெற்று, பிழையில்லாமல் தொழில் நடத்தும் ஒவ்வொரு தமிழ் மருந்தாளுநரும் தம் ஊருக்கும் காலேஜுக்கும் நற்பெயர் தேடிக்கொடுப்பவரே. ஆனால் அவர் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். கடனையும் காலத்தையும் கணக்கிட்டுக்கொண்டு போக வேண்டும். இங்கே தங்குவோருக்கும், போனவருக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பாதியாவது கிடைக்கச் செய்வது நம் கடமை. சுவரில் தொங்கும் சர்ட்டிபிகேட்டுக்கு உரியவர் கடையிலே வந்து நிற்கும் நாளே அதற்கு ஆரம்பம். அந்த நாளை விரைவில் கொண்டுவருவது சர்க்காரின் கையிலும், மருந்து வாங்கும்போது மருந்தாளுநர் எங்கே என்று கேட்கத் துணியும் நம் நேயர்களின் கையிலும் இருக்கிறது.